போதைக்கு அடிமையானது மூளை ஸ்கேனில் தெரியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: உங்கள் அண்ணன் 12 வருடமாகக் குடிக்கிறார். இரண்டு முறை விட்டு, இரண்டு முறையும் மறுபடி தொடங்கிவிட்டார். வீட்டில் சிலர் அதை நோய் என்கிறார்கள், சிலர் மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்கிறார்கள். மூளையை ஸ்கேன் எடுத்தால் இதில் எது சரி என்று தெரியுமா, அவர் குணமாவாரா என்பதும் அதில் தெரியுமா?

முதலில் நேரடியான பதில். தெரியாது. ஒரு தனி மனிதரின் மூளைப் படத்தை வைத்து இவர் குடிநோயாளி, இவர் இல்லை என்று சொல்லும் ஸ்கேன் இன்று எங்கும் கிடையாது. குணமாவாரா என்று சொல்லும் ஸ்கேனும் கிடையாது. "படம் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் ஆய்வுக் குழு 2012-ல் இதையே எழுதியது: மனநோய்களில் எந்த ஒன்றையும் கண்டறிய மருத்துவமனையில் பயன்படுத்தத்தக்க மூளைப் பட அடையாளம் இப்போதைக்கு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நிறைய ஆய்வு நடந்திருக்கிறது, ஆனால் போதை விஷயத்தில் அந்த நிலை மாறவில்லை.

ஆனால் கடந்த 40 வருட மூளைப் பட ஆய்வு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. நான் மருத்துவர் அல்ல, இந்தப் படங்களை அலசும் ஆய்வுக் குழுக்களில் நெடுநாள் வேலை பார்த்தவன். உங்கள் வீட்டில் நடக்கும் அந்த வாக்குவாதத்துக்கு இந்த ஆய்வுகளில் நல்ல வெளிச்சம் இருக்கிறது என்று நம்புகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்கேன் என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு காரியங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். சிடி ஸ்கேனும் சாதாரண எம்ஆர்ஐயும் மூளையின் உருவத்தைக் காட்டும். கட்டி, இரத்தக் கசிவு, பக்கவாதம், சுருக்கம் போன்றவை அதில் தெரியும். எஃப்எம்ஆர்ஐ என்பது இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை அளப்பது. செய்ஜி ஒகாவா 1990-ல் விலங்குகளில் இதைக் காட்டினார், இரண்டு வருடத்துக்குள் மனிதர்களிடம் வந்துவிட்டது. மூன்றாவது பெட் ஸ்கேன். போதை ஆய்வில் பெரிய விஷயங்களைக் கண்டது பெரும்பாலும் இதுதான், ஆகவே இதைப் புரிந்துகொள்வது நல்லது.

பெட் ஸ்கேனில் மிகச் சிறிய அளவு கதிரியக்கம் ஏற்றிய ஒரு பொருளை நரம்பில் செலுத்துவார்கள். அது மூளையில் போய் எங்கே தங்குகிறது என்று வெளியிலிருந்து கருவி கணக்கெடுக்கும். குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் ஃபுளோரின்-18 ஏற்றி மனிதருக்கு முதலில் கொடுத்தது 1976-ல். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். ஃபுளோரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால் அவ்வளவு அவசரம். கார்பன்-11 என்றால் இன்னும் மோசம், 20 நிமிடத்தில் பாதி போய்விடும். இந்தக் கதிரியக்கப் பொருளைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற கருவி பக்கத்திலேயே இல்லாமல் அந்த வேலை நடக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி ஒன்று உண்டு. ராக்ளோபிரைடு என்று ஒரு பொருள். டோபமின் என்பது ஆசையை எழுப்பும் மூளை வேதிப்பொருள். அது போய் உட்காரும் இடங்களான டி2 ஏற்பிகளில் இதுவும் உட்காரும், ஆனால் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. மூளையில் டோபமின் திடீரென்று பெருகினால், ராக்ளோபிரைடு உட்கார இடம் கிடைக்காமல் போகும். ஆக, படத்தில் அதன் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், எவ்வளவு டோபமின் வெளிவந்தது என்று கணக்குப் போடலாம். உயிரோடு, விழித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் தலைக்குள் ஒரு வேதிப்பொருள் ஏறுவதைக் கத்தி வைக்காமல் அளக்க முடிந்தது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்த வழியில் அதிகம் உழைத்தவர் நோரா வோல்கவ். 1980-களில் டெக்சாஸின் ஹூஸ்டனில் இருந்தபோது கோகெயின் எடுத்தவர்களின் மூளையைப் பார்த்தார். இரத்த ஓட்டம் அங்கங்கே விட்டுப்போயிருந்தது. கோகெயின் பெரிய தீங்கு செய்யாது என்று மருத்துவர்களிலேயே பலர் நினைத்த காலம் அது. பிறகு புரூக்ஹேவனுக்குப் போய் டோபமின் பக்கம் திரும்பினார். கோகெயினுக்கு அடிமையானவர்களிடம் டி2 ஏற்பிகள் சராசரியில் குறைவாக இருந்தன. 1993-ல் வந்த ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது: ஏற்பிகள் எவ்வளவு குறைவோ, அந்த அளவுக்கு நெற்றிப் பக்கமுள்ள முன்மடலின் சில பகுதிகளும் மந்தமாக இருந்தன. முன்மடல்தான் "இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம்" என்று நம்மை நிறுத்தும் இடம். ஆசையை எழுப்பும் பகுதியும் அதைக் கட்டுப்படுத்தும் பகுதியும் சேர்ந்தே கெட்டிருக்கின்றன என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. 2003-ல் அவர் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவராகி, நெடுங்காலம் அதை நடத்தினார்.

1997-ல் அவர் குழு செய்த ஒரு அளவீட்டைச் சொல்ல வேண்டும். கோகெயின், டோபமினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் புரதங்களை அடைத்துவிடும். எத்தனை அடைபட்டால் அந்த "ஏறும்" உணர்வு வருகிறது? ஏறத்தாழ பாதி, அதாவது குறைந்தது 47 சதவீதம். வழக்கமாக எடுக்கும் அளவில் 60 முதல் 77 சதவீதம் வரை அடைபடுகிறது. சரி, அப்படியானால் கவனக்குறைவுக் கோளாறுக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையும் இதே புரதத்தை இதே அளவுக்கு அடைக்கிறதே, அது ஏன் போதை தருவதில்லை? வேகம்தான் வித்தியாசம். மாத்திரை மூளையில் உச்சத்தைத் தொட ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நரம்பில் ஏற்றினால் சில நிமிடம். எவ்வளவு சேர்ந்தது என்பதோடு, எவ்வளவு சட்டென்று சேர்ந்தது என்பதையும் மூளை பார்க்கிறது. புகைப்பதும் ஊசி போடுவதும் விழுங்குவதைவிட ஏன் வேகமாகப் பிடித்துக்கொள்கின்றன என்பது இதில் விளங்கும். சிகரெட்டையும் இதே போல் அளந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு இழுப்பே மூளையின் முக்கியமான நிக்கோட்டின் ஏற்பிகளில் பாதியை நிரப்பிவிடுகிறது என்று 2006-ல் வந்த ஆய்வு சொன்னது.

இப்போது உங்கள் வீட்டு வாக்குவாதத்துக்கு வருவோம். ஏற்பி குறைவு என்கிறார்களே, அது குடித்ததால் வந்ததா, முன்பே அப்படி இருந்ததால் அவர் குடிக்கப் போனாரா? மனிதர்களை ஒரே ஒரு முறை படம் எடுத்து இதற்குப் பதில் காண முடியாது. குரங்குகளிடம் போனார்கள். 2002-ல் வந்த ஆய்வில் 20 ஆண் குரங்குகளை முதலில் தனித்தனியாக வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு நான்கு நான்காகச் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்று தலைவனாகும், ஒன்று எல்லோருக்கும் அடங்கிப் போகும். சில மாதம் கழித்துப் பார்த்தால், தலைவனான குரங்குகளின் டி2 அளவு ஐந்தில் ஒரு பங்கு போல ஏறியிருந்தது. அடங்கிப் போனவற்றுக்கு ஏறவில்லை. கோகெயினை அவை தாமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தபோது, அடங்கிய குரங்குகள் அதிகம் எடுத்தன, தலைவர்கள் அவ்வளவாக நாடவில்லை. தனியாக இருந்தபோது இரண்டு வகைக்கும் வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டத்தில் கிடைத்த இடமே மூளையின் வேதியியலை மாற்றியிருக்கிறது.

அதே குழு 2006-ல் மறுபக்கத்தையும் காட்டியது. குரங்குகளுக்குக் கோகெயின் பழக்கப்பட்ட ஒரு வாரத்துக்குள் டி2 ஏற்பிகள் 15 முதல் 20 சதவீதம் குறைந்தன. தொடங்கும் முன்பே ஏற்பி குறைவாக இருந்தவை அதிக வேகமாக எடுத்துக்கொண்டன. ஆக இரண்டும் உண்மை. முன்பே இருந்த பலவீனமும் உண்டு, பொருள் செய்த சேதமும் உண்டு.

மனிதர்களிடம் இதற்கு நெருக்கமான ஒரு ஆய்வு கேம்பிரிட்ஜில் நடந்தது. காரன் எர்ஷே குழு 2012-ல் 50 ஜோடி உடன்பிறப்புகளை எடுத்துக்கொண்டது. ஒருவர் கோகெயின் போன்ற ஊக்கப் போதைப்பொருளுக்கு அடிமை, உடன்பிறந்த மற்றவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. நிறுத்து என்றால் தொடங்கிய செயலைச் சட்டென்று நிறுத்த வேண்டிய ஒரு தன்னடக்கச் சோதனையில் இருவருமே மற்றவர்களைவிடத் தடுமாறினார்கள். முன்மடலையும் உள்பகுதிகளையும் இணைக்கும் நரம்பு வழிகளில் இருவருக்குமே ஒரே மாதிரி வேறுபாடு இருந்தது. அப்படியிருந்தும் ஒருவர் விழுந்தார், ஒருவர் விழவில்லை. நீங்களும் அவரோடு பிறந்தவர் என்பதால் இதைப் படிக்கும்போது மனதில் ஏதாவது தட்டலாம். பயப்பட வேண்டாம். குடும்பத்தில் ஒரு சாய்வு இருக்கலாம், அது தலைவிதி ஆகிவிடாது என்பதற்கு அந்த 50 பேர் சாட்சி.

1997-ல் ஆலன் லெஷ்னர் "போதை அடிமைத்தனம் ஒரு மூளை நோய்" என்று எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த வாசகம் நிறையப் பேருக்கு உதவியது. குற்றவாளியாகப் பார்க்கப்பட்டவர்கள் நோயாளியாகப் பார்க்கப்பட்டார்கள், அது சின்ன மாற்றம் இல்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு பெரிய உண்மை விடுபட்டுப் போகும். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கோ அபினுக்கோ அடிமையாகியிருந்தார். லீ ராபின்ஸ் 1971-ல் ஊர் திரும்பியவர்களைத் தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். அதே மூளை, வேறு இடம், வேறு ஆட்கள், வேறு அன்றாடம். நோயா மனவுறுதியா என்ற கேள்வி என் பார்வையில் தவறாகப் பிரிக்கப்பட்டது. மனவுறுதி என்று நாம் சொல்வதும் மூளையில்தான் நடக்கிறது. அந்தப் பகுதிதான் குடியால் அடிபடுகிறது. அதே பகுதியைத்தான் தூக்கம், கூட இருக்கும் மனிதர்கள், மருந்து, வேலை எல்லாம் தூக்கியும் நிறுத்துகின்றன. உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் பாதி பாதி சரி.

அப்படியானால் ஒருவரின் படத்தை எடுத்து ஏற்பி குறைவா என்று பார்த்துவிடலாமே என்று தோன்றும். முடியாது, ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் கூட்டத்தின் சராசரி. ஆண்களின் சராசரி உயரம் பெண்களைவிட அதிகம். ஆனால் ஒருவர் 165 சென்டிமீட்டர் என்று மட்டும் சொன்னால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? மூளைப் படத்தில் இந்தக் கலப்பு இன்னும் அதிகம். டி2 குறைவாக இருந்தும் ஒரு சொட்டு குடிக்காதவர்கள் இருக்கிறார்கள், சராசரி அளவு இருந்தும் மீள முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்விலும் இதே கதை. 2016-ல் உலகின் பல நாடுகளிலிருந்து 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் எம்ஆர்ஐ படங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் அவர்களிடம் சிறியதாக இருந்தது உண்மைதான். எவ்வளவு? சராசரியில் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும் அளவு. அதை வைத்து ஒருவரிடம் "உங்களுக்கு மனச்சோர்வு" என்று சொல்ல வழியில்லை.

எஃப்எம்ஆர்ஐ விஷயத்தில் எங்கள் துறை பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்திரிகைகளில் வரும் வண்ணப் படங்கள் பெரும்பாலும் அவைதான். அந்தச் சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறம் இல்லை, புள்ளிவிவரக் கணக்குக்கு நாங்கள் பூசும் சாயம். கருவி அளக்கும் மாற்றம் சில சதவீதம், அதுவும் நரம்பணுக்கள் வேலை செய்து சுமார் 5 விநாடி கழித்து. ஆயிரக்கணக்கான புள்ளிகளில் தனித்தனியாகச் சோதனை போட்டால், தற்செயலாகவே சில புள்ளிகள் ஒளிரும். கிரெய்க் பென்னட்டும் தோழர்களும் 2009-ல் இறந்துபோன ஒரு சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, கணக்கைத் திருத்தாமல் விட்டார்கள். செத்த மீனின் மூளையிலும் "செயல்பாடு" தெரிந்தது. 2020-ல் 70 ஆய்வுக் குழுக்களுக்கு ஒரே தரவைக் கொடுத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அலசவில்லை, பல கேள்விகளுக்கு முடிவும் ஒத்துப்போகவில்லை. 2022-ல் சுமார் 50,000 பேரின் படங்களை வைத்துச் செய்த ஆய்வு, மூளைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகச் சொல்ல ஆயிரக்கணக்கானவர்கள் தேவை என்று காட்டியது. அதுவரை நாங்கள் இருபது முப்பது பேரை வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டுரைகள் வந்தபோது வலித்தது. ஆனால் ஒரு துறை தன் தவறைத் தானே தோண்டி எடுத்து வெளியில் வைத்ததில் எனக்குப் பெருமையும் உண்டு. இப்போது ஆய்வுகள் பெரிதாகிவிட்டன. அமெரிக்காவில் 9, 10 வயதுக் குழந்தைகள் 11,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, அவர்கள் வளர வளரப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். போதை தொடங்கும் முன் மூளை எப்படி இருந்தது என்ற கேள்விக்கு மனிதர்களிடமே பதில் வரத் தொடங்கியிருக்கிறது.

நரம்பு நோய்களில் நிலைமை வேறு. அங்கே ஒரு இடத்தில் ஒரு பொருள் தெளிவாகக் குறையும் அல்லது சேரும் என்பதால் படத்துக்கு மதிப்பு அதிகம். வலிப்பு, பக்கவாதம், கட்டி என்றால் எம்ஆர்ஐ இல்லாமல் இன்றைய மருத்துவமே இல்லை. நினைவை அழிக்கும் அல்சைமர் நோயில் அமிலாய்டு என்ற புரதம் படிவதை உயிரோடு இருப்பவரிடம் காட்டும் முறையை பிட்ஸ்பர்க், உப்சலா ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன் உறுதிப்படுத்த இறந்த பிறகு மூளையை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். இப்போது அமிலாய்டை அகற்றும் மருந்து கொடுக்கும் முன் அது இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்கிறார்கள். அங்கும் ஒரு எச்சரிக்கை: நினைவு தெளிவாக இருக்கும் 70 வயதுக்காரர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அமிலாய்டு தெரியும்.

பார்க்கின்சனுக்கும் போதைக்கும் ஒரு விசித்திரமான உறவு இருக்கிறது. 1982-ல் கலிபோர்னியாவில் இளம் வயதினர் சிலர் உடல் விறைத்து, அசைய முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். வயதானவர்களுக்கு வரும் முற்றிய பார்க்கின்சன் போலவே இருந்தது. எல்லோரும் யாரோ தயாரித்த செயற்கை ஹெராயினைப் போட்டுக்கொண்டவர்கள். அதில் எம்பிடிபி என்ற அசுத்தம் கலந்திருந்தது, டோபமின் அணுக்களைத் தேடிப் போய்க் கொல்லும் பொருள். வில்லியம் லாங்ஸ்டன் அதைக் கண்டுபிடித்தார். 1985-ல் டொனால்ட் கால்ன் குழு, அந்தப் பொருளை எடுத்திருந்தும் எந்த அறிகுறியும் இல்லாத சிலரைப் பெட் ஸ்கேனில் பார்த்தது. டோபமின் அவர்களிடமும் குறைந்திருந்தது. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே நடந்துகொண்டிருக்கும் என்பதற்கு அது பெரிய சான்று. அப்புறம், பார்க்கின்சன் மருந்துகளில் டோபமின் ஏற்பியைத் தூண்டும் வகை ஒன்று உண்டு. அதை எடுத்த சிலருக்கு, அதுவரை சீட்டைத் தொடாதவர்களுக்குக்கூட, சூதாட்ட வெறி வந்தது. அவர்களை ராக்ளோபிரைடு வைத்துப் பார்த்தபோது, சூதாடும் நேரத்தில் மற்ற நோயாளிகளைவிட அதிக டோபமின் வெளிவந்தது. மாத்திரையைக் குறைத்தால் பலருக்கு அந்த வெறி அடங்குகிறது. குணத்தைப் பழிக்கும் முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மனநோய்களில் படம் செய்த மிகப் பெரிய உதவி நோயைக் கண்டுபிடிப்பதில் இல்லை, மருந்தின் அளவைச் சரிசெய்வதில்தான். மனச்சிதைவு மருந்துகள் டி2 ஏற்பியை அடைப்பவை. ஸ்வீடனின் லார்ஸ் ஃபார்டே 1980-களில் நோயாளிகளிடம் எத்தனை சதவீதம் அடைபடுகிறது என்று அளக்கத் தொடங்கினார். 2000-ல் டொரன்டோவில் ஷிதிஜ் கபூர் குழு, முதல் முறை நோய் வந்த 22 பேருக்கு ஹாலோபெரிடால் வெறும் 1 அல்லது 2.5 மில்லிகிராம் கொடுத்துப் படம் எடுத்தது. 65 சதவீதம் அடைபட்டால் பலன் தெரிந்தது, 78-ஐத் தாண்டினால் உடல் விறைப்பும் நடுக்கமும் வந்தன. அதற்கு முன் 10, 20 மில்லிகிராம் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவைக்கு மேல் கொடுத்து, எத்தனையோ பேரை மரக்கட்டை போல நடக்க வைத்திருக்கிறோம். ஒரு படத்தால் அது குறைந்தது.

போதை மருத்துவத்திலும் இதே வழி. ஹெராயின் அடிமைகளுக்குக் கொடுக்கும் புப்ரினார்ஃபின் 2 மில்லிகிராமில் ஹெராயின் போய் உட்காரும் ஓபியாய்டு ஏற்பிகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தை நிரப்புகிறது, 16 மில்லிகிராமில் 80. குறைவான அளவில் நிறுத்திவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்வது ஏன் தவறு என்று அந்த எண்ணிலேயே தெரிகிறது. குடியை விடுவதற்கும் பயன்படும் நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம், குடி தரும் இன்பத்தில் பங்கு பெறும் ஓபியாய்டு ஏற்பிகளில் 90 சதவீதத்துக்கு மேல் அடைத்துவிடுகிறது.

உங்கள் அண்ணன் இரண்டு முறை விட்டு மறுபடி தொடங்கியதைச் சொன்னீர்கள். இதைப் பற்றிப் படங்கள் சொல்வதை அவரிடமும் சொல்லலாம். அன்னா ரோஸ் சில்ட்ரெஸ் 2008-ல் கோகெயின் நோயாளிகளுக்குப் போதை சம்பந்தமான படங்களை 33 மில்லிவிநாடி மட்டும் காட்டினார். பார்த்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் மூளையின் ஆசைப் பகுதிகள் எழுந்தன. குடித்த இடத்தை, கூடக் குடித்த ஆளைக் கடந்து போகும்போது மனம் "வேண்டாம்" என்று முடிவெடுக்கும் முன்பே உள்ளே ஒன்று எழுந்துவிடுகிறது. அந்த வழியாகப் போகாமல் இருப்பது கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதுதான் சரியான உத்தி.

நல்ல செய்தியும் உண்டு. 1978-லேயே கார்லன் குழு சிடி ஸ்கேன் வைத்து, நெடுநாள் குடித்துச் சுருங்கிய மூளை, குடியை நிறுத்தியபின் சிலரிடம் மீண்டும் விரிவதைக் காட்டியது. பிறகு வந்த எம்ஆர்ஐ ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. முதல் சில வாரங்களிலேயே மாற்றம் தொடங்குகிறது, மாதக்கணக்கில் தொடர்கிறது. மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளை விட்டவர்களை 2001-ல் வோல்கவ் குழு ஒரு வருடத்துக்கு மேல் கழித்து மறுபடி பார்த்தது. டோபமினை உறிஞ்சும் புரதங்கள் கணிசமாகத் திரும்பியிருந்தன. ஆனால் நினைவும் கை வேகமும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. மூளை ஆறுகிறது, மெதுவாக ஆறுகிறது. விட்ட முதல் மாதத்தில் ஒருவர் எரிச்சலோடும் எதிலும் பிடிப்பில்லாமலும் இருந்தால், "குடியை விட்டும் மாறவில்லையே" என்று வீட்டில் சொல்ல வேண்டாம். டோபமின் குறைவாக உள்ள மூளைக்குச் சாதாரண சந்தோஷங்கள் எட்டவே நாளாகும்.

கடைசியாக, படம் எப்போது எடுக்க வேண்டும் என்று. குடிப்பவர் தலையில் அடிபட விழுந்தால், முதல் முறையாக வலிப்பு வந்தால், கை கால் ஒரு பக்கம் இழுத்தால், திடீரென்று ஆள் குழம்பிப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே சிடியோ எம்ஆர்ஐயோ எடுப்பது அவசியம். குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாடும் நடை இவை சேர்ந்து வந்தால் தயமின், அதாவது பி1 வைட்டமின், குறைந்து வரும் வெர்னிக்கே நோயாக இருக்கலாம். மூன்றும் சேர்ந்து வராமல் ஒன்று மட்டும் வருவதும் உண்டு. எம்ஆர்ஐ சில சமயம் அதைக் காட்டும், சில சமயம் காட்டாது, ஆகவே மருத்துவர்கள் படத்துக்குக் காத்திருக்காமல் தயமின் ஊசி போட்டுவிடுவார்கள்.

அப்புறம், அண்ணன் இப்போது தினமும் குடிக்கிறார் என்றால் வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாவது நாள் முதல் நான்காவது நாள் வரை கடும் நடுக்கமும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவது எளிது, பாதுகாப்பும்கூட. போகும்போது தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு விட்டபோது வலிப்போ நடுக்கமோ வந்ததா, வேறு என்ன மாத்திரை எடுக்கிறார், இரண்டு முறையும் எந்தச் சூழ்நிலையில் மறுபடி தொடங்கினார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குடியை விட உதவும் மருந்துகளான நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இவற்றில் எது அவருடைய கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒத்துவரும் என்று கேளுங்கள்.